குழலின் மறுமுனை

பழைய ராணுவத் துப்பாக்கியை முதன்முறை கையில் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம். நானும் அதையேதான் கேட்டேன்.

"இது யாரையாவது கொன்னிருக்குமா?"

ஓஹையோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற லேத் மெஷினிஸ்ட். ஒரு ஜனவரியில் அவர் வீட்டு வாசல் பனியை நான் அள்ளிப்போட்டதற்கு நன்றியாகக் காபிக்குக் கூப்பிட்டார். காபி முடிந்ததும் பேஸ்மென்டுக்கு அழைத்துப் போனார். இரும்புப் பெட்டகத்தில் பதினொரு துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றை எடுத்து, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டி, தானும் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். மோசின்-நாகாந்த் 91/30. ரஷ்யத் துப்பாக்கி. நாலு கிலோ இருக்கும். என் தோள் உயரத்துக்கு நீளம். கட்டையில் கருஞ்சிவப்பு அரக்குப் பூச்சு. கிரீஸும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை.

என் கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. "தெரியாது. தெரியும்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட வாங்காதே."

அப்புறம் இந்தப் பொழுதுபோக்கில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழமொழியைச் சொன்னார்: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே.

அன்றைக்கு அது வியாபார புத்திமதியாகத்தான் எனக்குக் கேட்டது. இப்போது ஆறு வருடமாக அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கதை இல்லாமல் ஒரு போர்த் துப்பாக்கியை வாங்க முடியுமா? வாங்கினால், நாம் வாங்குவது எதை?

*

முதலில், இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு போருக்காக ஓர் அரசு லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் செய்கிறது. போர் முடிகிறது. புது ரகம் வருகிறது. பழையவை உபரி ஆகின்றன. மோசின் 1891-இல் ரஷ்யப் படையில் நுழைந்த துப்பாக்கி. மொத்தம் சுமார் 3.7 கோடி செய்யப்பட்டதாகக் கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் ஆயுதக் கிடங்குகளில் அவற்றைப் பிரித்துப்போட்டு, பழுதானதை மாற்றி, கட்டைக்கு அரக்கடித்து, இரும்பு முழுக்க காஸ்மோலின் என்ற மெழுகு கிரீஸை அப்பி, மரப்பெட்டிக்கு இருபது வீதம் அடுக்கி வைத்தார்கள். அடுத்த போருக்காக. அந்தப் போர் வரவில்லை. சோவியத் யூனியன் போய்விட்டது. பெட்டிகள் அமெரிக்காவுக்கு வந்தன. 2010 வாக்கில்கூட ஒரு மோசின் நூறு டாலருக்குள் கிடைத்தது. நல்ல ஷூ விலை. இப்போது இறக்குமதி நின்று, விலை சில மடங்கு ஏறிவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் பெட்டகம் வாங்கு, அப்புறம் துப்பாக்கி. ஒரே நாட்டை அல்லது ஒரே ரகத்தைப் பிடித்துக்கொள். குழலுக்குள் விளக்கடித்துப் பார். புரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, துரு அரித்துக் கருத்துவிட்டதா? போல்ட், ரிசீவர், அடித்தகடு, மேகசின், எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா? பழைய சோவியத் தோட்டாக்களைச் சுட்டால் அவற்றின் மருந்து உப்பை விட்டுச் செல்லும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி எண்ணெய் போட வேண்டும், இல்லையென்றால் கொஞ்ச நாளில் துரு. காஸ்மோலினை எடுக்க, கோடையில் கருப்புக் குப்பைப் பையில் சுற்றிக் காரின் டேஷ்போர்டில் வைத்துவிடுவார்கள். ஐம்பது அறுபது வருட கிரீஸ் வெல்லப்பாகு மாதிரி ஒழுகும். மரத்தின் துளைகளிலிருந்து வருடக்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

சட்டப்படி, ஐம்பது வயதைத் தாண்டிய துப்பாக்கிக்கு அமெரிக்காவில் தனிப் பெயர் உண்டு: அரும்பொருள், பழம்பொருள். அதைச் சேகரிக்கவே ஒரு தனி லைசென்ஸ். மூன்று வருடத்துக்கு முப்பது டாலர். அது இருந்தால் வெளிமாநிலத்திலிருந்துகூட நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். பதிலுக்கு ஒரு கடமை: பதிவேடு வைத்திருக்க வேண்டும். எப்போது, யாரிடமிருந்து வந்தது. எப்போது, யாரிடம் போனது. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. நம் ஊர் மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரிதான். இந்த நோட்டைப் பிறகு கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

இந்தச் சேகரிப்பாளர்களிடம் கண்டிப்பான ஓர் ஒழுக்கம் உண்டு. எதையும் அழிக்காதே. கட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்காதே. கீறலை நிரப்பாதே. குழலை வெட்டி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றாதே. அப்படி மாற்றப்பட்ட ஒன்றைப் பார்த்தால் என் பக்கத்து வீட்டுக்காரர் முகம், கோயில் கல்வெட்டுக்கு மேல் பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்த தொல்லியல்காரர் மாதிரி ஆகிவிடும். "அது அதோட முகம்யா. முகத்தை எவனாவது உரசுவானா?"

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு இது பிடித்திருந்தது. நடந்ததை நடந்தபடியே வைத்துக்கொள்வது என்பது சின்ன ஒழுக்கம் இல்லை. பல நாடுகளுக்கே அது கைவரவில்லை. முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டபோது இந்த மோகம் என்னையும் பிடித்தது. அம்புள்ள முக்கோணம் இருந்தால் இஷெவ்ஸ்க் தொழிற்சாலை. நட்சத்திரம் என்றால் துலா. கட்டத்துக்குள் எஸ்.ஏ. என்று இருந்தால் அது ஃபின்லாந்து ராணுவத்தின் சொத்தாக இருந்தது. ஜெர்மன் மவுசரில் எக்ஸ் குறி இருந்தால் சோவியத் படை கைப்பற்றியது; அவற்றில் பலவற்றின் மீது இருந்த கழுகையும் ஸ்வஸ்திகாவையும் தட்டித் தட்டியே மழுங்கடித்திருப்பார்கள். ஓர் இரும்புத் துண்டில் ஒரு நூற்றாண்டின் சுருக்கம். வரலாற்றுப் புத்தகம் படித்து வளர்ந்தவனுக்கு இதைவிடப் போதை எது?

*

போதை தெளிந்தது ஒரு பூவினால்.

ஜப்பானிய அரிசாகா துப்பாக்கிகளின் ரிசீவர் மீது பதினாறு இதழ்கள் கொண்ட செவ்வந்திப் பூ பொறிக்கப்பட்டிருக்கும். சக்கரவர்த்தியின் முத்திரை. 1945-இல் சரணடைந்தபோது, சக்கரவர்த்தியின் சின்னம் எதிரி கைக்குப் போகக் கூடாது என்று பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்தப் பூவைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் ஒப்படைத்தார்கள். ஆகவே இன்று சந்தையில் பூ அழிந்த அரிசாகா நிறைய. பூ அழியாத அரிசாகா குறைவு, விலை கூடுதல்.

ஒரு துப்பாக்கிச் சந்தையில் விற்பவர் ஒருவர் எனக்கு இதை உற்சாகமாக விளக்கினார். "பூ முழுசா இருக்கு பாருங்க. அப்படீன்னா இது பெரும்பாலும் சண்டை நடக்கும்போதே எடுத்தது. சரணடைஞ்சு கொடுத்தது இல்ல." கட்டையில் ஒரு வெட்டும் இருந்தது. அமெரிக்கச் சிப்பாய் ஊருக்கு எடுத்துவர, பையில் அடங்கட்டும் என்று கட்டையை இரண்டாக அறுத்திருக்கிறார். அதுவும் ஒரு முத்திரைதான்.

நான் தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். பத்தடி போன பிறகுதான் உறைத்தது. சண்டை நடக்கும்போதே எடுத்தது என்றால், யாரிடமிருந்து எடுத்தது? துப்பாக்கியைக் கையில் வைத்திருந்த அந்த இருபது வயதுப் பையன் அதைத் தானாக நீட்டியிருக்க மாட்டானே. அப்படியானால் அந்த முழுமையான பூவுக்கு நான் கூடுதலாகத் தரப்போகும் நூறு, இருநூறு டாலர் எதற்கான விலை? ஒரு பிணத்துக்கான விலை என்று சொன்னால் விற்பவர் புண்பட்டிருப்பார். அவர் நல்ல மனிதர். ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

அங்கிருந்து யோசித்துக்கொண்டே போனால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். துப்பாக்கிக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. கட்டை இருக்கும் முனை, குழல் வாய் இருக்கும் முனை. நாம் படிக்கும் முத்திரைகள் எல்லாமே கட்டைப் பக்கத்து மனிதர்களைப் பற்றியவை. செய்த தொழிற்சாலை, சோதித்த அதிகாரி, வைத்திருந்த படைப்பிரிவு, பழுது பார்த்த கிடங்கு, கைப்பற்றிய நாடு, இறக்குமதி செய்த கம்பெனி. சேகரிப்பவர்களின் கற்பனையும் அந்தப் பக்கமே போகிறது: இதைத் தோளில் வைத்தவன் யார், ஸ்டாலின்கிராடில் குளிரில் எப்படி நடுங்கியிருப்பான், கடைசியாக வீட்டுக்குப் போனானா? குழல் வாய்க்கு முன்னால் நின்றவரைப் பற்றி இரும்பில் ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு துப்பாக்கி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த ஒரு காரியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதில் ரசீது இருக்கிறது.

புறநானூற்றில் ஔவை தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டுப் பாடியதாக ஒரு பாட்டு உண்டு. அவனுடைய ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிற நையாண்டி. பள்ளியில் கைதட்டி ரசித்த பாட்டு. பேஸ்மென்டில் எண்ணெய் மினுங்க நிற்கும் பதினொன்றையும் ஔவை பார்த்தால் சிரிப்பாள் என்று முதலில் தோன்றியது. பிறகு வேறொன்றும் தோன்றியது. அந்தப் பாட்டிலும், வேலின் முனை முறிவதற்குக் காரணமாக இருந்தவர்கள் பகைவர்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஓர் அடையாளம் இல்லை. மறுமுனையை எழுதாமல் விடுவது இன்று நேற்றுத் தொடங்கிய பழக்கம் இல்லை.

*

"இரும்பும் மரமும்தானே, அதுக்கு என்ன பாவம் புண்ணியம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாவம் செய்வது மனிதன், கருவி அல்ல. நான் இதை நம்புகிறேன். ஆனாலும் மனிதகுலம் இதை முழுசாக நம்பியதே இல்லை என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய ஏதென்ஸில் ஒருவர் மேல் விழுந்து கொன்ற கல்லையும் இரும்பையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி ஊர் எல்லைக்கு வெளியே எறிய ஒரு தனி நீதிமன்றமே இருந்தது. இங்கிலாந்தில் ஒருவர் சாவுக்குக் காரணமான வண்டிச்சக்கரமோ குதிரையோ அரசுக்குப் பறிமுதல் ஆகும் சட்டம் 1846 வரைக்கும் இருந்தது. முட்டாள்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சாவு நடந்த பிறகு எதுவுமே நடக்காத மாதிரி அந்தப் பொருளைத் திரும்பப் புழக்கத்தில் விடுவது ஏதோ சரியில்லை என்ற உணர்வு அது. பொருளுக்குக் குற்றம் இல்லை. ஆனால் பொருளை வைத்திருப்பவனுக்கு ஒரு கடன் இருக்கிறது.

அந்தக் கடன் என்ன என்பதை ஓர் இத்தாலியத் துப்பாக்கி அமெரிக்காவுக்குக் கற்றுக்கொடுத்தது.

டெர்னி என்ற ஊரில் 1940-இல் செய்த கார்கானோ. முசோலினியின் படைக்காகச் செய்தது. போர் முடிந்து உபரியாகி, அட்லாண்டிக் தாண்டி, ஒரு பத்திரிகை விளம்பரத்தில் ஏறியது. தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். 1963 மார்ச்சில் ஒருவர் பொய்ப்பெயரில் தபாலில் ஆர்டர் செய்தார். தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட். அதே வருடம் நவம்பர் 22 அன்று டல்லாஸில் ஒரு புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியில் அது கண்டெடுக்கப்பட்டது. வரிசை எண் சி2766. கென்னடியைக் கொன்ற துப்பாக்கி.

அதன் பிறகு நடந்ததுதான் நம் விஷயம். ஒரு சேகரிப்பாளர் ஆஸ்வால்டின் மனைவியிடமிருந்து அதை விலைக்கு வாங்கிக்கொண்டு, அரசிடம் கேட்டு வழக்குப் போட்டார். 1965-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டு அதை அரசுடைமை ஆக்கியது. இன்று அது தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கிறது. 1968-இல் வந்த துப்பாக்கிச் சட்டம் உபரி ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியையே நிறுத்தியது. 1984-இல்தான் பழம்பொருட்களுக்காக மறுபடியும் கதவு திறந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை விடவில்லை. ஒன்று, உபரி என்கிற வார்த்தை நம்மை ஏமாற்றுகிறது. போர் முடிந்தது, இனி இது வரலாறு என்று அந்த வார்த்தை சொல்கிறது. ஆனால் வரலாறு ஆகிவிட்ட அந்தக் கார்கானோ எட்டே மாதத்தில் நிகழ்காலத்துக்குத் திரும்பி வந்தது. ஒரு வாள் மழுங்கும். ஒரு பீரங்கி துருப்பிடித்துப் பூங்காவில் நிற்கும். எண்ணெய் போட்டு வைத்த 1943-ஆம் வருடத் துப்பாக்கி இன்றைக்கும் சுடும். அதை வைத்திருப்பவர் பழம்பொருளை மட்டும் அல்ல, ஆயுதத்தையும் வைத்திருக்கிறார். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் பதினாறு வயதுப் பையன் இருக்கும்போது இந்த வாக்கியத்தை நான் வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க முடியாது.

இரண்டாவது விஷயம் இன்னும் சங்கடமானது. லட்சக்கணக்கான கார்கானோக்களில் மறுமுனையில் நின்றவர் யார் என்று உலகத்துக்கே துல்லியமாகத் தெரிந்த துப்பாக்கி அது ஒன்றுதான் என்று சொல்லலாம். தெரிந்தவுடன், அதை ஒரு தனிமனிதன் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவதைச் சமூகம் தாங்கவில்லை. சட்டம் போட்டுப் பிடுங்கிக்கொண்டது. அப்படியானால் மற்ற லட்சங்களை நாம் நிம்மதியாக மாட்டிவைப்பது, அவை யாரையும் கொல்லவில்லை என்பதாலா? அல்லது யாரைக் கொன்றன என்று நமக்குத் தெரியாது என்பதாலா?

நம் நிம்மதி அறியாமையில் நிற்கிறது. "தெரியாது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது நேர்மையான பதில்தான். ஆனால் அந்தத் தெரியாது வெறும் வெற்றிடம் இல்லை. அதற்குள் ஆள் இருக்கலாம்.

*

இவ்வளவு யோசித்தவன் வாங்காமல் இருந்திருக்க வேண்டும், இல்லையா? வாங்கினேன்.

அது ஈரி ஏரிக்கரைக்குப் பக்கத்தில் நடந்த ஒரு சந்தை. அதற்கு முதல் நாள் பெரியவரோடு கேம்ப் பெர்ரிக்குப் போயிருந்தேன். ராணுவத்தின் பழைய எம்1 காரண்ட் துப்பாக்கிகளைத் தரம்பிரித்துப் பொதுமக்களுக்கு விற்கிற இடம். 1907 முதல் தேசியக் குறிசுடும் போட்டிகள் நடக்கும் மைதானம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன், இத்தாலியக் கைதிகளை அடைத்துவைத்த முகாமும் அதுவே. அங்கே எனக்கு எந்த ஆசையும் வரவில்லை. அது அவர்களுடைய அப்பாக்களின் துப்பாக்கி.

மறுநாள் சந்தையில், மோசின்களுக்கு நடுவே, குட்டை மூக்கோடு ஒன்று படுத்திருந்தது. பார்த்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. எங்கள் ஊர் கஜானா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் கான்ஸ்டபிள் முட்டியில் சாய்த்து வைத்திருப்பாரே, அதே துப்பாக்கி. த்ரீ நாட் த்ரீ. இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட ரகம். தனியார் வைத்திருக்க முடியாது. ஆனால் போலீஸ் தோளிலிருந்து அது இறங்கவே இல்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடைகொடுத்தது.

போல்ட்டுக்குக் கீழே, வலது பக்க இரும்பில் முத்திரை: மேலே கிரீடம். அதற்குக் கீழ் ஜி.ஆர்.ஐ. — ஜார்ஜ், அரசர், பேரரசர். அதற்குக் கீழ் ஆங்கிலத்தில் இஷாப்பூர். 1943. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் ரைஃபிள் தொழிற்சாலை. சுதந்திரத்துக்குப் பிறகு அதே தொழிற்சாலையில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. இது கிரீடம் போட்டது. மரம் பிளக்காமல் இருக்க முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி. கட்டையின் கன்னம் படும் இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை கன்னங்கள்!

விற்றவர் சொன்னார், "பர்மா யுத்தத்துல இருந்தது சார்." காகிதம் ஏதும் இல்லை. கதையை வாங்காதே. துப்பாக்கிக்கு மட்டும் காசு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். குனிந்து முத்திரையைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"நம்ம ஆளுங்க இதுக்கு எந்தப் பக்கம் நின்னாங்க?"

அமெரிக்க நண்பர்கள் யாரும் கேட்காத கேள்வி. அவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. காரண்டை எடுத்தால் கட்டைப் பக்கம் அவர்கள் தாத்தா, மறுபக்கம் எதிரி. என் கையில் இருப்பதற்கு அப்படி ஒரு சௌகரியம் இல்லை. இதே ரகத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான இந்தியர்கள் மெசபொடேமியாவிலும் பர்மாவிலும் சண்டை போட்டார்கள். இதே ரகத் துப்பாக்கி 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாகிலும் இருந்தது. சுட்டவர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ஐம்பது சிப்பாய்கள். வெள்ளைக்காரப் படைப்பிரிவு அல்ல. என்னுடையது 1943-இல் பிறந்தது, அது அங்கே இல்லை. ஆனால் மனைவியின் கேள்விக்கு நேர்மையான பதில், "ரெண்டு பக்கமும்" என்பதுதான்.

ஜாலியன்வாலாபாகைப் பற்றி ஒரு விவரம் உண்டு. பலமுறை படித்திருந்தும் அந்த இரவில்தான் அது என்னைப் பிடித்தது. அன்று சுடப்பட்ட தோட்டாக்கள் 1,650. டயரே விசாரணைக் கமிஷனிடம் சொன்ன எண்ணிக்கை. ஏனென்றால் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு. கிடங்கிலிருந்து எத்தனை வந்தது, எத்தனை செலவானது என்று எழுதியாக வேண்டும். செத்தவர்கள் எத்தனை பேர்? அரசு சொன்னது 379. காங்கிரஸ் விசாரணை ஆயிரம் பேர் என்றது. நூறு வருடம் தாண்டியும் எண் முடிவாகவில்லை. கட்டைப் பக்கத்தில் ஒற்றை இலக்கம்வரை கணக்கு இருக்கிறது. குழல் பக்கத்தில் நூற்றுக்கணக்கில் ஆட்களைக் காணவில்லை. துப்பாக்கியின் உடம்பில் முத்திரைகள் பதிந்திருக்கிற அதே விதத்தில்தான் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது.

*

அப்படியென்றால் என்ன செய்வது? உருக்கிவிடலாமா? 1996-இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு ஆஸ்திரேலிய அரசு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி நசுக்கியது. அந்தத் துப்பாக்கிகளுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட மாட்டேன். ஆனால் என் இஷாப்பூரை உருக்கினால் அந்தக் கிரீடமும் போகும். 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது அதே வங்காளத்தில் இந்தத் துப்பாக்கி செய்யப்பட்டது என்ற சாட்சியும் போகும். சாட்சியை அழிப்பது எப்போதுமே கட்டைப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் வசதி.

சுவரில் மாட்டவும் மனம் வரவில்லை. அலங்காரமாகிவிட்டால் அதுவும் ஒருவிதமான தேய்த்து அழிப்புதான். கட்டையைத் தேய்க்கக் கூடாது என்கிற சேகரிப்பாளர் ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். என் வாதம், அந்த ஒழுக்கத்தைக் குழல் வாய்வரை கொண்டுபோக வேண்டும் என்பதுதான். கீறலை நிரப்பக் கூடாது என்றால், தெரியாத இடத்தையும் நிரப்பக் கூடாது. பர்மா வீரக்கதையை இட்டு நிரப்பக் கூடாது. "இது ஒருவேளை கிடங்கிலேயே கிடந்திருக்கும்" என்கிற சமாதானத்தையும் இட்டு நிரப்பக் கூடாது. இரண்டுமே காகிதம் இல்லாத கதைகள்.

இன்னொன்று, பையனிடம் பேசினேன். எளிதாக இல்லை. சுட்டுப் பார்க்கலாமா என்றுதான் அவன் முதலில் கேட்டான். பாதுகாப்பு விதிகளைச் சொன்னேன். போல்ட் வேறு பெட்டியில் பூட்டியிருக்கிறது, தோட்டா வீட்டிலேயே இல்லை, பெட்டகத்தின் எண் அவனுக்குத் தெரியாது, இதெல்லாம் அவன் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல என்றும் சொன்னேன். பிறகு 1,650-ஐயும் 379-ஐயும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அப்புறம் ஏன்ப்பா வாங்கினீங்க?" என்றான். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் அன்று சொல்ல முடியாமல் போன பதில்.

முழுப் பதில் இதில் இல்லை என்பதும் தெரியும். அந்தக் குட்டை மூக்கைப் பார்த்ததும் ஆசைப்பட்டேன், அதுதான் உண்மை. எட்டு வயதில் கான்ஸ்டபிள் தொடவிடவில்லை. அந்த ஆசைக்கு அறம் எல்லாம் பிறகுதான் வந்து சேர்ந்தது. இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே எழுதியதெல்லாம் வீண்.

லைசென்ஸ்காரன் என்பதால் பதிவேட்டில் எழுதினேன். இடது பக்கம்: தேதி, விற்றவர் பெயர், ரகம், வரிசை எண், இஷாப்பூர். வலது பக்கம் காலி. யாரிடம் போனது, எப்போது? பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது ஆகப்போகிறது. அவர் நோட்டில் பதினொரு வரி. வலது பக்கம் பதினொன்றும் காலி. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை. ராத்திரியில் அதைப் பற்றித்தான் யோசிப்பதாகச் சொன்னார். "வாங்கும்போது யார்கிட்டேர்ந்து வந்துதுன்னு ஆயிரம் கேள்வி கேட்டேன். யார்கிட்ட போகும்னு ஒரு தடவைகூடக் கேட்டுக்கல." புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி அவருடையதுதான்: முதல் துப்பாக்கியை வாங்கும் முன் வலது பக்கத்தை நிரப்பிப் பார்.

போன அக்டோபரில் ஆயுத பூஜை. லேப்டாப், கார் சாவி, ஸ்க்ரூ டிரைவர் செட், மிக்ஸி, அரிவாள்மனை, பையனின் கால்குலேட்டர், எல்லாம் தட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் த்ரீ நாட் த்ரீக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பேஸ்மென்ட் படிக்கட்டுப் பக்கம் என் கண் போனதை மனைவி கவனித்துவிட்டாள்.

"அதைக் கொண்டுவர வேண்டாம்."

"ஏன்?"

"இதெல்லாம் நமக்கு உழைச்சது. அது யாருக்கு உழைச்சதுன்னு தெரியலையே."

கற்பூரம் காட்டினாள். பையன் அரைக்கண்ணைத் திறந்து மிக்ஸிக்கு வைத்த பொட்டைப் பார்த்துச் சிரித்தான். கீழே பெட்டகம் பூட்டியே இருந்தது.